முதல் வெற்றியைத் தேடி வந்த கூட்டணிகள்



ஐரோப்பியப் போர் என்றதும் நம் நினைவுக்கு வருவது 1914. அந்தப் போருக்கு என்ன காரணம் என்று கேட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்: கூட்டணிகள். ஐரோப்பா இரண்டு முகாம்களாகப் பிரிந்து நின்றது. சரயேவோவில் ஒரு கொலை நடந்தது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் களத்தில் இறங்கினார்கள். இந்தப் பாடம் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டதால், எந்தப் போரைப் பற்றிப் பேசினாலும் முதலில் கூட்டணி, பிறகு சண்டை என்ற வரிசையிலேயே நாம் யோசிக்கிறோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட போரில் அந்த வரிசை தலைகீழ். முதலில் ஒருவர் படையோடு எல்லை தாண்டினார். நான்கு மாதம் கழித்து ஒரு களத்தில் வென்றார். அதற்குப் பிறகுதான் அவரைத் தேடிக் கூட்டாளிகள் வந்தார்கள். 1740 டிசம்பரில் தொடங்கி 1748 வரை நீண்ட ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர்தான் அது. அதன் காரணங்களையும், கூட்டணிகள் உருவான விதத்தையும், முதல் இரண்டு ஆண்டுச் சண்டைகளையும் மட்டும் இன்று விரிவாகச் சொல்லப்போகிறேன். எட்டாண்டுக் கதையையும் ஒரு மாலையில் சொல்ல இயலாது.

ஆறாம் சார்லஸ் என்ற புனித ரோமானியப் பேரரசரிடமிருந்து தொடங்க வேண்டும். வியன்னாவில் இருந்து ஆண்டவர். ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் கடைசி ஆண். ஆஸ்திரியா, பொஹீமியா, ஹங்கேரி, சைலீசியா, இன்றைய பெல்ஜியம், இத்தாலியில் மிலான் என்று சிதறிக் கிடந்த நிலங்கள் அத்தனைக்கும் ஒரே உரிமையாளர். அந்த நாடுகளுக்கு ஒரே மொழி இல்லை, ஒரே சட்டம் இல்லை, ஒரே வரி முறையும் இல்லை. அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்தது ஒரு குடும்பம் மட்டுமே. அந்தக் குடும்பத்தில் ஆண் வாரிசு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்ற கவலை சார்லஸை வாழ்நாள் முழுதும் விடவில்லை.

1713 ஏப்ரல் 19 அன்று அவர் ஓர் ஆணை பிறப்பித்தார். பிராக்மாட்டிக் சாங்ஷன் என்று வரலாற்று நூல்கள் அதைக் குறிப்பிடும். நிலங்களைப் பிரிக்கக்கூடாது, மகன் இல்லையென்றால் தன் மகளுக்கே எல்லாம் சேர வேண்டும். இதுதான் அதன் சாரம். அப்போது அவருக்குக் குழந்தையே பிறந்திருக்கவில்லை. 1716இல் பிறந்த ஒரே மகன் அதே ஆண்டில் இறந்துபோனான். மறு ஆண்டு மே மாதம் மரியா தெரேசா பிறந்தார்.

சிக்கல் வேறோர் இடத்தில் இருந்தது. சார்லஸின் அண்ணன் ஜோசப், அவருக்கு முன் பேரரசராக இருந்தவர், 1711இல் பெரியம்மை கண்டு இறந்தார். அவருக்கு இரண்டு மகள்கள். 1703இல் குடும்பத்துக்குள் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தின்படி, அண்ணன் தம்பி இருவருக்குமே மகன் இல்லாவிட்டால் அண்ணன் மகள்களுக்கே முன்னுரிமை. அதைத்தான் 1713 ஆணை மாற்றியது. அண்ணன் மகள்களில் ஒருத்தி சாக்சனி அரச குடும்பத்துக்கும், இன்னொருத்தி பவேரியாவுக்கும் வாழ்க்கைப்பட்டார்கள். திருமணத்தின்போது உரிமையைக் கைவிடுவதாக இருவரும் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த இரண்டு அரண்மனைகளிலும் அந்தக் கைவிடலை யாரும் மனமார ஏற்கவில்லை.

ஆண்பிள்ளை இல்லாத ஒரு பெரியவர், மகள் பேருக்குச் சொத்தை எழுதிவைத்துவிட்டு, பங்காளிகள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சாட்சிக் கையெழுத்து வாங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். சார்லஸ் இருபது ஆண்டுகளுக்கு மேல் செய்தது அதைத்தான். ஹங்கேரி மன்றம் 1723இல் ஒப்புக்கொண்டது. ஸ்பெயின் 1725இல், ரஷ்யா 1726இல், பிரஷ்யா 1728இல், பிரிட்டன் 1731இல், கடைசியாகப் பிரான்ஸ் 1738இல் ஒப்புதல் தந்தன. ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு விலை இருந்தது. அந்த விலைகளில் ஒன்று நம் கடற்கரையோடு சம்பந்தப்பட்டது. 1722இல் சார்லஸ் ஆஸ்டெண்ட் துறைமுகத்தைத் தலைமையிடமாக வைத்து ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமை கொடுத்திருந்தார். சோழமண்டலக் கரையில் அதன் பண்டகசாலை சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளத்தில் இருந்தது. இங்கிலாந்துக் கம்பெனிக்கும் டச்சுக் கம்பெனிக்கும் அது கண்ணில் விழுந்த தூசி. அதை மூடினால்தான் கையெழுத்து என்றது லண்டன். 1731இல் சார்லஸ் மூடச் சம்மதித்தார். பிரான்சின் ஒப்புதலுக்கோ, தன் மருமகன் பிரான்சிஸின் பரம்பரை நாடான லொரைனையே விட்டுக்கொடுத்தார். அந்த இளைஞருக்கு ஈடாக டஸ்கனி கிடைத்தது.

சவாய் இளவரசர் யூஜின் ஹாப்ஸ்பர்க் படையின் தலைசிறந்த தளபதி. காகிதங்களைவிட நல்ல படையும் நிறைந்த கருவூலமுமே மகளைக் காக்கும் என்று அவர் எச்சரித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1736இல் யூஜின் இறந்தார். அடுத்த ஆண்டே சார்லஸ் துருக்கியரோடு போருக்குப் போனார். 1739இல் பெல்கிரேடை இழந்து திரும்பினார். அதற்கு முன்பே போலந்து வாரிசுப் போரில் நேப்பிள்ஸும் சிசிலியும் போயிருந்தன. 1740 அக்டோபர் 20 அன்று சார்லஸ் இறந்தபோது கருவூலத்தில் இருந்தது ஏறத்தாழ ஒரு லட்சம் ஃப்ளோரின். படை பாதி தேய்ந்திருந்தது. அமைச்சர்கள் எல்லோரும் முதியவர்கள். அரியணை ஏறிய மரியா தெரேசாவுக்கு வயது 23. வயிற்றில் பிள்ளை. ஆட்சிக் காரியங்களைத் தந்தை அவருக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. மகளுக்காக உலகமெல்லாம் கையெழுத்து வாங்கிய தந்தை, அந்த மகளை ஆட்சிக்குத் தயார் செய்யாமல் விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

முதலில் வாய் திறந்தவர் பவேரியாவின் சார்லஸ் ஆல்பர்ட். இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் உயிலைக் காட்டி, ஹாப்ஸ்பர்க் ஆண் வாரிசு அற்றுப்போனால் நிலம் எங்களுக்கே என்றார். வியன்னாவில் மூல ஆவணத்தை எடுத்துவந்து பவேரியத் தூதரின் முன் விரித்தார்கள். அதில் ஆண் வாரிசு என்ற நிபந்தனை இல்லை. முறைப்படி பிறந்த வாரிசு என்றுதான் இருந்தது. கோரிக்கை அங்கேயே வீழ்ந்தது. ஆனால் ஆசை வீழவில்லை. சார்லஸ் ஆல்பர்ட்டிடம் தனியாகப் போர் நடத்தப் பணமும் இல்லை, படையும் இல்லை. அதனால் காத்திருந்தார்.

காத்திருக்காதவர் பிரஷ்யாவின் இரண்டாம் ஃபிரடெரிக். அவர் அரியணை ஏறி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வயது 28. புல்லாங்குழல் வாசிப்பவர்; பிரெஞ்சில் கவிதை எழுதுபவர்; வோல்டேருடன் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர். நாடு பிடிக்கும் ஆசையைக் கண்டித்து அவர் எழுதிய மாக்கியவெல்லி எதிர்ப்பு நூல் அதே 1740இல்தான் வோல்டேரின் மேற்பார்வையில் அச்சேறியது. தந்தை முதலாம் ஃபிரடெரிக் வில்லியம் கஞ்சத்தனமாக வாழ்ந்து சேர்த்து வைத்துப்போனது இரண்டு: ஏறத்தாழ 80,000 பேர் கொண்ட படை, 80 லட்சம் தாலர் ரொக்கம். அன்றைய பிரஷ்யாவின் மக்கள்தொகை சுமார் 22 லட்சம். அந்த மக்கள்தொகைக்கு அது மிகப் பெரிய படை. தந்தை அந்தப் படையைப் பூட்டி வைத்து அழகு பார்த்தார். மகன் அதை வெளியே எடுத்தார்.

பேரரசர் இறந்த செய்தி ரைன்ஸ்பர்க் மாளிகையில் காய்ச்சலோடு படுத்திருந்த ஃபிரடெரிக்குக்கு அக்டோபர் 26 அன்று எட்டியது. அடுத்த சில நாட்களில் தளபதி ஷ்வெரினையும் அமைச்சர் போடவில்ஸையும் அழைத்துப் பேசினார். சைலீசியாவை எடுக்க வேண்டுமா என்று அவர்களிடம் கேட்கவில்லை. எப்படி எடுப்பது என்பதே பேச்சு. உரிமைக்கு ஆதாரம் என்ன என்று போடவில்ஸ் கேள்வி எழுப்பியபோது, அது அமைச்சர்கள் பார்க்க வேண்டிய வேலை, படைகளுக்கு உத்தரவு போயாகிவிட்டது என்ற பொருளில் மன்னர் பதில் எழுதினார். இந்தப் போரின் காரணத்தைத் தேடுகிறவர்கள் அந்தப் பதிலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. லீக்னிட்ஸ், பிரீக், வோலாவ் ஆகிய சிற்றரசுகள் மீது பிரஷ்ய அரச குடும்பத்துக்கு 1537 காலத்து உடன்படிக்கை ஒன்றின் பேரில் பழைய கோரிக்கை உண்டு, அது உண்மை. ஆனால் அந்தக் கோரிக்கை முழு சைலீசியாவுக்கும் செல்லாது. முடிவுக்குப் பிறகு தேடிப்பிடித்த காரணம் அது. பிற்காலத்தில் தன் காலத்து வரலாற்றை எழுதியபோது, ஆயத்தமாயிருந்த படை, நிறைந்த கருவூலம், பெயர் வாங்கும் ஆசை ஆகியவற்றை ஃபிரடெரிக்கே காரணங்களில் சேர்த்து ஒப்புக்கொண்டார்.

சைலீசியா ஏன்? வரைபடத்தில் ஓடர் நதியைப் பாருங்கள். பிரஷ்யாவின் பிராண்டன்பர்க் நிலத்துக்குள் ஓடிவரும் அந்த நதியின் மேல்பகுதிதான் சைலீசியா. இன்று பெரும்பகுதி போலந்தில் இருக்கிறது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள், செழித்த லினன் நெசவு, வரி வளம் உள்ள நாடு. வடபகுதியில் புராட்டஸ்டண்டுகள் மிகுதி. கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் அவர்களுக்குக் குறைகள் இருந்தன. தெற்கே மலைகள். காவலுக்கு இருந்ததோ சில ஆயிரம் ஆஸ்திரியச் சிப்பாய்கள். ரஷ்யாவின் பேரரசி அன்னாவும் அதே அக்டோபர் மாதக் கடைசியில் இறந்துபோக, கிழக்கிலிருந்து எதிர்ப்பு வராது என்ற நிம்மதியும் ஃபிரடெரிக்குக்குக் கிடைத்தது.

1740 டிசம்பர் 16 அன்று சுமார் 27,000 பிரஷ்யர்கள் எல்லை தாண்டினார்கள். போர்ப் பிரகடனம் இல்லை. படை நுழைந்த பிறகுதான் ஃபிரடெரிக்கின் தூதர் வியன்னாவில் பேச்சைத் தொடங்கினார். சைலீசியாவைக் கொடுங்கள், உங்கள் கணவர் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட நான் வாக்களிக்கிறேன், பணமும் தருகிறேன், மற்ற நிலங்களைக் காக்கிறேன் என்பது பேரம். மரியா தெரேசாவின் அமைச்சர்களில் பலர் ஏதாவது கொடுத்துச் சமாதானமாகலாம் என்றே நினைத்தார்கள். அந்த 23 வயதுப் பெண் மறுத்தார். அந்த மறுப்பு இல்லையென்றால் ஒரு மாகாணம் கைமாறிய சிறு நிகழ்ச்சியாக இது முடிந்திருக்கும். போர் பெரிதானதற்கு அவருடைய பிடிவாதமும் ஒரு காரணம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியாது. வீடு புகுந்தவனை வெளியே போகச் சொல்வது சண்டையைத் தொடங்குவதாகாது.

குளிர்காலம் பிரஷ்யர்களுக்கு எளிதாகக் கழிந்தது. தலைநகர் பிரெஸ்லாவ் ஜனவரி தொடக்கத்திலேயே அவர்களுக்கு வழிவிட்டது. கிளோகாவ் கோட்டை மார்ச் 9 இரவு விழுந்தது. பிரீக், நைஸ் என்ற இரண்டு கோட்டைகள் மட்டும் பிடிகொடுக்கவில்லை. அதற்குள் ஆஸ்திரியா ஒரு படையைத் திரட்டிவிட்டது. தலைமை தாங்கியவர் நைபெர்க். பெல்கிரேடைத் துருக்கியருக்கு விட்டுக்கொடுத்த உடன்படிக்கைக்காகச் சிறையில் போடப்பட்டு, மரியா தெரேசா பட்டத்துக்கு வந்ததும் விடுதலையானவர். மலைகளில் பனி உருகாத நேரத்தில் கணவாய் வழியே இறங்கி, நைஸைக் காப்பாற்றி, பிரஷ்யப் படைக்கும் அதன் பின்னணிக்கும் நடுவே வந்து நின்றுகொண்டார். ஃபிரடெரிக் இதை எதிர்பார்க்கவே இல்லை. இனிச் சண்டை போட்டே தீர வேண்டும்.

1741 ஏப்ரல் 10, மோல்விட்ஸ் கிராமம். இரு பக்கமும் ஏறத்தாழ இருபதாயிரம் பேர். தரையெல்லாம் வெண்பனி. எதிரி எங்கே தங்கியிருக்கிறான் என்பது பிரஷ்யர்களுக்குத் தெரியும், ஆஸ்திரியர்களுக்குத் தெரியாது. அவர்கள் கிராம வீடுகளில் இருந்தார்கள். அந்த நேரத்தில் பாய்ந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் ஃபிரடெரிக்குக்கு இது முதல் களம். புத்தகத்தில் படித்தபடி படையை வரிசை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார். அணிவகுப்பு முடிவதற்குள் ஆஸ்திரியர்கள் குதிரை ஏறிவிட்டார்கள். தளபதி ரோமர் தன் குதிரைப்படையோடு பிரஷ்ய வலப்பக்கத்தின் மேல் விழுந்தார். அங்கிருந்த பிரஷ்யக் குதிரைப்படை சிதறியது. அதன் தளபதி ஷூலன்பர்க் மாண்டார். தோல்வி வந்துவிட்டது என்று எண்ணிய ஷ்வெரின் மன்னரைக் களத்தைவிட்டு விலகச் சொன்னார். ஃபிரடெரிக் குதிரையைத் தட்டிவிட்டார். இரவில் ஓப்பெல்ன் நகரக் கதவை எட்டியபோது உள்ளே இருந்து ஆஸ்திரியர்கள் சுட்டார்கள். தப்பித் திரும்பியவருக்குத் தன் படை வென்ற செய்தி வழியில்தான் கிடைத்தது.

வென்றது காலாட்படை. மன்னர் இல்லாத களத்தில், குதிரைப்படை இல்லாத பக்கத்தில், அந்த வரிசைகள் கலையவில்லை. துப்பாக்கிக் குழலுக்குள் மருந்தையும் குண்டையும் இடித்து இறக்கும் கோல் மற்ற படைகளில் மரத்தால் ஆனது, அவசரத்தில் முறியும். பிரஷ்யர்களிடம் இருந்தது இரும்புக் கோல். முதிய தெசாவ் இளவரசர் லியோபோல்ட் கொண்டுவந்த மாற்றம் அது. அதோடு ஆண்டுக்கணக்கான கவாத்து. எதிரியைவிட வேகமாகவும் ஒன்றாகவும் சுட்டார்கள். ரோமரும் குண்டடி பட்டு இறந்தார். ஷ்வெரின் வரிசையை முன்னே நகர்த்தியதும் நைபெர்க் பின்வாங்கினார். இரண்டு பக்கமும் சுமார் 4,500 முதல் 5,000 பேர் வரை இறந்தோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள். இழப்பில் ஏறக்குறைய சமம். ஆனால் களம் பிரஷ்யர் வசம்.

இங்கேதான் நான் தொடக்கத்தில் சொன்ன வரிசை மாறுகிறது. மோல்விட்ஸ் வரைக்கும் ஃபிரடெரிக் தனியாள். பிரான்சின் முதலமைச்சர் கார்டினல் ஃப்ளரிக்கு எண்பத்தேழு வயது. போர் வேண்டாம் என்று இருந்தவர். 1738இல் கையெழுத்திட்டதும் அவர் அரசுதான். ஆனால் வெர்சாயில் இருந்த இளைய பிரபுக்களுக்கு ஹாப்ஸ்பர்க் என்றால் இருநூறு ஆண்டுப் பகை. அவர்களின் தலைவர் மார்ஷல் பெல்-ஐல். பெரும் பரிவாரத்தோடு ஜெர்மன் அரண்மனைகளுக்குப் பயணம் கிளம்பிய அவர், மோல்விட்ஸ் முடிந்த சில வாரங்களில் ஃபிரடெரிக்கின் பாசறைக்கே வந்தார். ஆஸ்திரியப் படையைத் தோற்கடிக்க முடியும் என்று நிரூபணமாகிவிட்டது. ஜூன் தொடக்கத்தில் பிரான்சும் பிரஷ்யாவும் இரகசிய உடன்படிக்கை செய்துகொண்டன. பவேரியா ஏற்கனவே பிரான்சோடு. ஸ்பெயினுக்கு இத்தாலியில் நிலம் வேண்டும்; அதுவும் சேர்ந்தது. முதலில் ஆஸ்திரியா பக்கம் சாய்ந்திருந்த சாக்சனி, காற்று திசைமாறியதும் செப்டம்பரில் இந்தப் பக்கம் வந்தது.

பங்கு பிரித்த விதத்தைப் பாருங்கள். பொஹீமியாவும் மேல் ஆஸ்திரியாவும் பவேரியாவுக்கு. மொரேவியா சாக்சனிக்கு. கீழ் சைலீசியா பிரஷ்யாவுக்கு. பேரரசர் பட்டம் சார்லஸ் ஆல்பர்ட்டுக்கு. பிரான்சுக்கு இதில் வேண்டியது ஹாப்ஸ்பர்க் குடும்பம் துண்டு துண்டாக உடைவது. சமபலமுள்ள நாலைந்து சிற்றரசர்கள் தன்னை அண்டி நிற்பது. ஆகவே கூட்டாளிகள் ஒவ்வொருவருக்கும் வேண்டியது வேறு. ஒருவர் அதிகம் வெல்வது இன்னொருவருக்குப் பிடிக்காது. இப்படிப்பட்ட கூட்டணி, பங்கு கிடைக்கும் வரைதான் கூட்டணி.

ஆகஸ்டில் பிரெஞ்சுப் படைகள் ரைன் நதியைத் தாண்டின. பிரான்ஸ் போர் அறிவிக்கவில்லை. பவேரியாவுக்கு உதவி செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். இன்னொரு பிரெஞ்சுப் படை ஹனோவரை நோக்கி நகர்ந்தது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் ஹனோவருக்கும் அதிபதி. பதறிப்போய் ஹனோவரின் பெயரால் நடுநிலை ஒப்பந்தம் செய்துகொண்டார். 1731இல் கையெழுத்திட்ட பிரிட்டன் பணம் கொடுத்தது. படை அனுப்பவில்லை. செப்டம்பர் 15 அன்று லின்ட்ஸ் நகரம் பவேரியர் கையில் விழுந்தது. அங்கிருந்து வியன்னா சில நாள் நடை. நகரத்தில் செல்வந்தர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள்.

அந்த நாட்களில் மரியா தெரேசா ஹங்கேரியின் பிரெஸ்பர்க்கில் இருந்தார். இன்றைய பிராட்டிஸ்லாவா. ஜூன் 25 அன்று அங்கே ஹங்கேரியின் அரசியாக முடிசூட்டிக்கொண்டிருந்தார். செப்டம்பர் 11 அன்று ஹங்கேரியப் பிரபுக்களைக் கோட்டைக்கு அழைத்து, லத்தீனில் பேசி, தன்னையும் பிள்ளைகளையும் கைவிட வேண்டாம் என்று கேட்டார். பிரபுக்கள் உயிரையும் குருதியையும் தருவோம் என்று முழங்கினார்கள். கைக்குழந்தை ஜோசப்பைத் தூக்கிக்காட்டி அழுதார் என்று ஓவியங்களில் பார்க்கிறோம். குழந்தையை அவர்கள் முன் கொண்டுவந்தது அதற்குச் சில நாள் கழித்துத்தான். ஓவியர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். கண்ணீர் மட்டும் வேலை செய்யவில்லை என்பதும் தெரிய வேண்டும். ஹங்கேரியப் பிரபுக்களின் வரிவிலக்கையும் பழைய உரிமைகளையும் காப்பேன் என்று அவர் வாக்களித்திருந்தார். சொன்ன அளவுக்குப் படையும் வரவில்லை. ஆனால் வியன்னாவின் ஆலோசகர்கள் ஹங்கேரியர்கள் கையில் ஆயுதம் கொடுக்கவே பயந்தார்கள்; தலைமுறை தலைமுறையாகக் கலகம் செய்தவர்கள் என்று. அவர்களை நம்பிப்போன துணிவு இந்தப் பெண்ணுடையது. தந்தை வாங்கிய அத்தனை ஒப்புதல்களிலும் உயிரோடு எழுந்து நின்றது இந்த ஒன்றுதான். இந்தப் போரின் முதலாண்டில் நான் பெரிதாக மதிக்கும் நிகழ்ச்சி மோல்விட்ஸ் அல்ல, பிரெஸ்பர்க்.

கூட்டணியின் தையல் அதே நேரத்தில் பிரியத் தொடங்கியது. வியன்னாவின் வாசலில் நின்ற சார்லஸ் ஆல்பர்ட், பொஹீமியாவைச் சாக்சனி எடுத்துக்கொண்டுவிடுமோ என்ற அச்சத்தில் வடக்கே பிராகா பக்கம் திரும்பினார். பிரெஞ்சுக்காரர்களும் அதைத் தடுக்கவில்லை; பவேரியா மிகப் பெரிதாவது அவர்களுக்கும் வேண்டாம். அக்டோபர் 9 அன்று கிளைன் ஷ்னெல்லெண்டார்ஃப் என்ற மாளிகையில் ஃபிரடெரிக் நைபெர்க்கை இரகசியமாகச் சந்தித்தார். தன் பிரெஞ்சுக் கூட்டாளிகளுக்குத் தெரியாமல் சண்டையை நிறுத்த ஒப்புக்கொண்டார். ஊருக்குக் காட்ட நைஸ் கோட்டையை இரண்டு வாரம் முற்றுகையிடுவதுபோல் நடித்து எடுத்துக்கொண்டார். நைபெர்க்கின் படை மேற்கே போக வழி கிடைத்தது. அந்தப் போலி முற்றுகையிலும் மனிதர்கள் செத்தார்கள். பிறகு ஆஸ்திரியா மீண்டும் வலுவடைவதைக் கண்டு, சில வாரங்களில் அந்த ஒப்பந்தத்தையும் ஃபிரடெரிக் முறித்தார்.

நவம்பர் 26 விடியலில் பிராகாவை ஏணி வைத்து ஏறிப் பிடித்தார்கள் பிரெஞ்சு, பவேரிய, சாக்சனியப் படைகள். அந்தத் திட்டம் சாக்சனி ஆட்சியாளரின் மகனாகப் பிறந்து பிரான்சுக்குப் பணிபுரிந்த மோரிஸ் த சாக்ஸுடையது. 1742 ஜனவரி 24 அன்று ஃபிராங்ஃபர்ட்டில் சார்லஸ் ஆல்பர்ட் ஏழாம் சார்லஸ் என்ற பெயரில் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முந்நூறு ஆண்டுகளாக ஹாப்ஸ்பர்க் குடும்பத்தைவிட்டு நகராத மகுடம் அது. அதே நாட்களில் ஆஸ்திரியத் தளபதி கெவன்ஹுல்லர் லின்ட்ஸை மீட்டு, பவேரியாவுக்குள் இறங்கிவிட்டார். பிப்ரவரி 12 அன்று ஃபிராங்ஃபர்ட்டில் முடிசூட்டு விழா. அதையொட்டியே புதிய பேரரசரின் சொந்தத் தலைநகர் மியூனிக் ஆஸ்திரியர் கையில் விழுந்தது. ஹங்கேரி எல்லையிலிருந்து வந்த பண்டூர் படைகள் பவேரியக் கிராமங்களைச் சூறையாடின. பட்டத்துக்கு ஆசைப்பட்டது ஒரு மனிதர். வீடு எரிந்தது பவேரியக் குடியானவனுக்கு.

மே 17 அன்று பொஹீமியாவின் சோட்டுசிட்ஸில் ஃபிரடெரிக் மீண்டும் வென்றார். ஜூன் 11 அன்று பிரெஸ்லாவில் மரியா தெரேசாவோடு சமாதானம் செய்துகொண்டு, ஏறத்தாழ முழு சைலீசியாவோடும் போரைவிட்டு வெளியேறினார். பிராகாவில் சிக்கியிருந்த பிரெஞ்சுக் கூட்டாளிகளைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அந்த டிசம்பரில் பெல்-ஐல் கடும் பனியில் பிராகாவிலிருந்து படையை நடத்திக்கொண்டு வெளியேறினார். வழி நெடுகச் சிப்பாய்கள் விறைத்துச் செத்தார்கள்.

ஒருவர் வெளியேறினாலும் போர் நிற்கவில்லை. லண்டனில் 1742இல் பிரதமர் வால்போல் பதவி விலக, புதிய அமைச்சரவை ஆஸ்திரியாவுக்கு உண்மையாகவே கைகொடுத்தது. 1743 ஜூன் 27 அன்று டெட்டிங்கனில் இரண்டாம் ஜார்ஜ் நேரில் நின்று பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார். அப்போதும் பிரிட்டனும் பிரான்சும் முறைப்படி போரில் இல்லை. இருவருமே வேறொருவருக்குத் துணைப்படை என்ற பெயரில் மோதிக்கொண்டார்கள். 1744 மார்ச்சில்தான் பிரான்ஸ் பிரிட்டன்மீது போரை அறிவித்தது. அந்த அறிவிப்போடு சைலீசியாவுக்கான சண்டை கடலேறியது.

நம் பாடநூல்களில் முதல் கர்நாடகப் போர் என்று ஒரு பாடம் உண்டு. ஐரோப்பாவில் ஆஸ்திரிய வாரிசுப் போர் மூண்டதால் இங்கும் மூண்டது என்று ஒரே வரியில் அதன் காரணம் முடிந்துவிடும். புதுச்சேரி ஆளுநர் டூப்ளே இந்தியக் கரையில் சண்டை வேண்டாம் என்று சென்னைக்கு எழுதினார். பிரிட்டிஷ் அரச கடற்படையைத் தாங்கள் கட்டுப்படுத்த முடியாது என்றார்கள் அங்கிருந்த ஆங்கிலேயக் கம்பெனியார். அந்தக் கடற்படை பிரெஞ்சு வணிகக் கப்பல்களைப் பிடித்தது. பதிலுக்கு மொரீஷியஸ் ஆளுநர் லா பூர்தொனே கப்பல்களைத் திரட்டிக்கொண்டு வந்து, 1746 செப்டம்பரில் சென்னைக் கோட்டையைக் குண்டு வீசிப் பிடித்தார். 11 லட்சம் வராகன் மீட்புப் பணம் பேசி அவர் திருப்பித்தர முனைய, டூப்ளே மறுத்தார். தன் நாட்டுக்குள் அந்நியர் இப்படிச் சண்டையிடுவதைத் தடுக்க ஆற்காட்டு நவாப் அன்வாருதீன் மகன் மஃபூஸ் கானை அனுப்பினார். அடையாற்றின் கரையில் பரதீஸ் என்ற தளபதியின் சிறுபடை, பல மடங்கு பெரிய நவாப் படையைக் கலைத்தது. கவாத்துப் பழகிய காலாட்படை வரிசையின் பலத்தை, மோல்விட்ஸ் நடந்து ஐந்தரை ஆண்டுக்குப் பிறகு, நம் மண்ணில் எல்லோரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு இந்திய அரசர்களின் படைகளைக் கண்டு ஐரோப்பியர்கள் முன்போல் அஞ்சவில்லை. கோட்டையின் வடசுவரை ஒட்டியிருந்த நம் மக்களின் வீடுகளைப் பிரெஞ்சுக்காரர்கள் பாதுகாப்புக்கென்று இடித்தார்கள்.

1748 அக்டோபரில் எய்ஸ் லா ஷப்பேல் நகரில் உடன்படிக்கை கையெழுத்தானது. சைலீசியா பிரஷ்யாவிடமே நின்றது. மரியா தெரேசா மற்ற நிலங்களில் பெரும்பகுதியைக் காத்துக்கொண்டார். 1745இல் ஏழாம் சார்லஸ் இறந்ததும் மரியா தெரேசாவின் கணவர் பிரான்சிஸே பேரரசராகியிருந்தார். அமெரிக்காவில் பிரிட்டிஷார் பிடித்திருந்த லூயிஸ்பர்க் கோட்டையைப் பிரான்சுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாகச் சென்னையைப் பிரிட்டன் வாங்கிக்கொண்டது. 1749 ஆகஸ்டில் கோட்டையில் கொடி மாறியது.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் போரை ஐரோப்பிய மன்னர்களின் பக்கத்திலிருந்து எழுதிய நூல்கள் ஏராளம். அதே ஆண்டுகளில் புதுச்சேரியில் இருந்துகொண்டு, கப்பல் வந்த செய்தி, சென்னை விழுந்த செய்தி, வணிகர்கள் பட்ட பாடு அத்தனையையும் தமிழில் நாள்தோறும் எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. டூப்ளேயின் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்தவர். அவருடைய நாட்குறிப்பு அச்சில் வந்திருக்கிறது. ஃபிரடெரிக்கைப் பற்றி ஒரு நூலைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் 1746ஆம் ஆண்டு நாட்குறிப்பையும் உடன் எடுத்துப் படியுங்கள்.